எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது? வீட்டில் ரெசின் பிரிண்டிங் அனுபவம்

ஒளி பட்டால் இறுகும் திரவ பிளாஸ்டிக்கில் பொம்மை அச்சிடும் ரெசின் பிரிண்டரை வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை கே வாங்கலாம்?" 4கே, 8கே, 12கே என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதால் வருகிற கேள்வி அது. கே என்பது திரையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்று சொல்லாது. அதே 4கே ஆறரை அங்குலத் திரையில் இருந்தால் புள்ளி ஏறக்குறைய 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒன்பது அங்குலத் திரையில் இருந்தால் 50 மைக்ரான். ஆகவே பார்க்க வேண்டியது மைக்ரானை. அதையும் ஓர் அளவுக்குப் பார்த்தால் போதும். 35 மைக்ரானுக்குக் கீழே போன பிறகு, கை நீட்டும் தூரத்தில் அலமாரியில் நிற்கிற பொம்மையில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தோம், எங்கே சப்போர்ட் (தாங்கிப் பிடிக்கும் காம்பு) கொடுத்தோம், எப்படிக் கழுவினோம் என்பதில் வருகிற வித்தியாசத்துக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படுவதில்லை.

நான் ஃபிலமென்ட் பிரிண்டரில் இருந்து இந்தப் பக்கம் வந்தவன். பிளாஸ்டிக் இழையை உருக்கி 0.4 மி.மீ. நாசில் வழியாக வரிவரியாக இழுத்து அடுக்குகிற அந்த மெஷினில் பெட்டி, கொக்கி, ஸ்டாண்டு எல்லாம் பிரமாதமாக வரும். மனித முகம் வராது. 32 மி.மீ. பொம்மையில் கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் இமை ஏது, விழி ஏது? ரெசின் மெஷின் வேலை செய்கிற விதமே வேறு. தெளிவான மெல்லிய ஃபிலிமை அடித்தளமாகக் கொண்ட ஒரு தொட்டி. அதில் திரவ ரெசின். தொட்டிக்கு அடியில் எல்சிடி திரை, அதற்கும் அடியில் 405 நானோமீட்டர் ஒளி தரும் விளக்கு. ரெசின் எங்கே இறுக வேண்டுமோ அங்கே மட்டும் திரை ஒளியை மேலே விடும். மேலிருந்து ஓர் உலோகத் தட்டு இறங்கி, ஃபிலிமுக்கு 0.05 மி.மீ. உயரத்தில் நிற்கும். இரண்டு மூன்று விநாடி ஒளி. ஓர் அடுக்கு இறுகும். தட்டு ஏறும்போது அந்த அடுக்கு ஃபிலிமை விட்டுப் பிய்ந்து வரும். மறுபடி இறங்கும். இப்படியே பொம்மை தலைகீழாகத் தொங்கியபடி வளரும்.

லேசரை வைத்து இதே தத்துவத்துக்கு சார்லஸ் ஹல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1986இல். விலை குறைந்த எல்சிடி மெஷின்கள் பரவலாக வந்ததோ 2018 வாக்கில்தான். ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் இறுகுவதால் நேரக் கணக்கு உயரத்தை மட்டுமே பொறுத்தது. 60 மி.மீ. உயரம், 0.05 மி.மீ. அடுக்கு என்றால் 1200 அடுக்கு; ஏறி இறங்குவதையும் சேர்த்து அடுக்குக்கு 9 விநாடி என்று வைத்தால் 3 மணி நேரம். தட்டில் ஒரு பொம்மை இருந்தாலும் சரி, தட்டு நிறைய இருந்தாலும் சரி, அதே 3 மணி நேரம்தான்.

சரி, இப்போது சாய்ப்பது பற்றி. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன்.

எந்தப் பொம்மையாக இருந்தாலும் ஒரு பக்கம் தட்டைப் பார்த்து இருந்தே ஆக வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் சப்போர்ட் காம்புகள் வந்து ஒட்டும், அந்தப் பக்கத்தில்தான் தழும்பு விழும். எல்லாப் பக்கமும் சுத்தமாக வருகிற கோணம் என்று ஒன்று கிடையாது. அதனால் மாடலை அடுக்கடுக்காக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருளைத் திறந்ததும் நான் என்னையே கேட்டுக்கொள்வது: இந்த உருவத்தில் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கலாம்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற முடிவுகள் வரிசையாக வந்துவிடும்.

ஒரு வில்லாளியை எடுத்துக்கொள்வோம். 75 மி.மீ. உயரம், முதுகில் நீண்ட போர்வை, இடது கை நீட்டி வில்லைப் பிடித்திருக்கிறாள், வலது கை நாணைக் காது வரை இழுத்திருக்கிறது. இவளை நேராக நிற்க வைத்து அடித்தால் மூக்கு நுனியும் தாடையும் அந்தரத்தில் தொடங்கும். ஒளி பட்டு இறுகுகிற முதல் புள்ளிக்கு அடியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றால் அது ஃபிலிமிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைத்தான் 'ஐலண்ட்' என்கிறார்கள். அவளைப் பின்பக்கமாக 30 முதல் 40 டிகிரி சாய்த்துப் பாருங்கள். தாடை கழுத்திலிருந்து படிப்படியாக வளர ஆரம்பிக்கும்; மூக்கு கன்னத்திலிருந்து வளரும். முகத்தில் ஒரு சப்போர்ட்கூட வேண்டாம். விலையாகக் கொடுப்பது முதுகுப் போர்வையை. அது பெரிய பரப்பு, சுருக்கம் நிறைந்தது, அலமாரியில் சுவரைப் பார்த்து நிற்கப்போவது.

முகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று 60, 70 டிகிரி வரை சாய்க்கக் கூடாது. முகம் கிட்டத்தட்டப் படுத்த நிலைக்குப் போய்விட்டால் நெற்றியிலும் கன்னத்திலும் அடுக்குகள் படிக்கட்டாகத் தெரியும், மலை வரைபடத்தில் உயரக் கோடுகள் போடுவார்களே, அந்த மாதிரி. ஸ்லைசரில் ஆன்ட்டி அலையாசிங் போட்டு அதை ஓரளவு மழுப்பலாம். ஆனால் அது படிக்கட்டோடு சேர்த்து இமைக் கோட்டையும் கொஞ்சம் மழுப்பும்.

சாய்த்த பிறகும் அவளிடம் அந்தரத்தில் தொடங்குகிற இடங்கள் மிச்சம் இருக்கும்: வில்லின் கீழ் நுனி, இழுத்த கையின் முழங்கை, சுண்டுவிரல், அம்பறாத்தூணியின் அடி. ஆட்டோ சப்போர்ட் பொத்தான் இவற்றில் பாதியைப் பிடிக்கும், தேவையில்லாத இடத்தில் இன்னொரு பாதியைக் கொட்டும். ஆரம்பத்துக்கு அது சரிதான், அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அடுக்குகளை ஒவ்வொன்றாக ஸ்லைடரில் நகர்த்தி, திடீரென்று தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி முளைக்கிறதா என்று பார்ப்பேன். கண் தவறவிட்டதை யூவிடூல்ஸ் போன்ற இலவச மென்பொருள் பிடித்துக் கொடுக்கும். நாண் மாதிரி மெல்லிய விஷயங்களை நான் பிரிண்ட் செய்வதே இல்லை. நீக்கிவிட்டு, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மெல்லிய நூலோ கம்பியோ கட்டுகிறேன். பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது.

சப்போர்ட்டின் பருமன் பற்றி ஒரு வார்த்தை. தட்டுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தில்தான் முழு பொம்மையின் பாரமும், ஒவ்வோர் அடுக்கும் பிய்கிறபோது வருகிற இழுப்பும் சேர்ந்து விழும். அங்கே தடிமனான சப்போர்ட், அதுவும் தாராளமாக. போர்வை ஓரம், பாத அடி மாதிரி இடங்கள் அதற்கு வசதி. விரல் நுனிக்கு 0.3 மி.மீ. முனை கொண்ட மெல்லியது போதும். அப்புறம், தழும்பு மறைவாக இருக்கட்டும் என்று துணிச் சுருக்கத்தின் குழிக்குள் சப்போர்ட் வைக்கத் தோன்றும். வேண்டாம். குழிக்குள் உப்புத்தாள் நுழையாது. சுருக்கத்தின் மேட்டில் வைத்தால் இரண்டு தேய்ப்பில் போய்விடும். சப்போர்ட் முனை விட்டுச்செல்வது மேடாக இருந்தால் தேய்த்துவிடலாம். பள்ளமாக இருந்தால் புட்டி வைத்து நிரப்ப வேண்டும், அது இரண்டு மடங்கு வேலை. அதனால் சப்போர்ட்டை முறுக்கிப் பிடுங்காமல், அந்தப் பரப்பை ஒட்டி வெட்டும் சின்னக் கட்டரால் கொஞ்சம் காம்பு விட்டே வெட்டுகிறேன்.

இதெல்லாம் தலைவலி என்றால், சப்போர்ட் ஏற்கெனவே வைத்த ஃபைல்களாக விற்கிறார்கள். முதலில் அவற்றிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். பிரிண்ட் போடுவதற்கு முன், அந்தக் கலைஞர் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

மார்பளவுச் சிலை, பெரிய பீடம் மாதிரி கனமானவற்றை உள்ளே குடைந்துவிடுவது நல்லது. இரண்டு மில்லிமீட்டர் சுவர் போதும். ஆனால் ஓட்டை இல்லாமல் குடைவது குடையாமல் இருப்பதைவிட மோசம். உள்ளே மாட்டிக்கொண்ட திரவ ரெசின் எங்கேயும் போகாது. மாதங்கள் கழித்து, பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு, சிலையில் விரிசல் விட்டுப் பிசுபிசுவென்று கசியும். குறைந்தது இரண்டு ஓட்டை வேண்டும். அதில் ஒன்று தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குடைந்த பகுதி ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஃபிலிமை உறிஞ்சிப் பிடிக்கும், அந்த இழுப்பில் சப்போர்ட் அறுந்துவிடும். கழுவும்போது ஊசி இல்லாத சிரிஞ்சால் ஓட்டை வழியாக ஆல்கஹாலைப் பீய்ச்சி, வெளியே தெளிவாக வரும் வரை அலச வேண்டும். பிறகு சின்ன யூவி எல்இடியை ஓட்டைக்குள் விட்டு உள்பக்கத்தையும் இறுக்க வேண்டும்.

எக்ஸ்போஷர் நேரத்துக்கு (ஓர் அடுக்குக்கு ஒளி விடும் நேரம்) இன்னொருவர் எண்ணைக் கடன் வாங்குவது ஆரம்பப் புள்ளியாக மட்டுமே உதவும். மெஷின், ரெசின், அதன் நிறம், அறையின் வெப்பம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். கருப்பு வெள்ளைத் திரை உள்ள மெஷின்களில் சாதாரண அடுக்குக்கு ஒன்றரை முதல் மூன்று விநாடி, அடிப்பகுதி அடுக்குகளுக்கு 25 முதல் 40 விநாடி என்பது பொதுவான வரம்பு. அதற்குள் சரியான எண்ணைப் பிடிக்க, இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் சோதனை மாடல்கள் இருக்கின்றன. கோன்ஸ் ஆஃப் கேலிபரேஷன் என்பதில் ஒரு பக்கக் கூம்புகள் முழுதாக வந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கக் கூம்புகள் வராமல் போயிருக்க வேண்டும். ஒளி அதிகமானால் சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும், உதட்டுப் பிளவு மூடும். குறைந்தால் சப்போர்ட் அறுந்து பாதிப் பொம்மை தொட்டியில் கிடக்கும். ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால் அப்புறம் அந்த எண்ணைத் தொடாதீர்கள். பிரிண்ட் தோற்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சப்போர்ட்டையும் அறை வெப்பத்தையும். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரெசின் கெட்டிப்பட்டு மெதுவாக ஓடும். 25ஐ ஒட்டி இருந்தால் மகிழ்ச்சியாக வேலை செய்யும். பாட்டிலை ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குவதும் அதே அளவு முக்கியம். நிறமி அடியில் படிந்துவிடும், குறிப்பாகச் சாம்பல் நிறத்தில்.

மெஷின் ஓடும்போது எனக்குப் பிடித்த விஷயம் அதன் சத்தம். ஒவ்வோர் அடுக்கும் ஃபிலிமை விட்டு விடுபடும்போது மெல்லியதாக ஒரு 'டக்' கேட்கும். அடிப்பகுதி அடுக்குகளில் அது நன்றாகவே கேட்கும், பிறகு பரப்பு குறையக் குறைய அடங்கும். தொடக்கத்திலேயே அந்தச் சத்தம் இல்லையென்றால் தட்டில் ஒன்றும் ஒட்டவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் தட்டில் ஒட்டாதது ஃபிலிமில் ஒட்டியிருக்கும். அதன் மேல் அடுத்த பிரிண்ட் வந்து அழுத்தினால் ஃபிலிம் குழிந்தோ கிழிந்தோ போகும், ரெசின் திரை மேல் ஒழுகும். தோற்ற பிரிண்டுக்குப் பிறகு ரெசினை வடிகட்டாமல் அடுத்ததைத் தொடங்கவே கூடாது. பெயின்ட் வடிகட்டும் காகிதப் புனல் இதற்குப் பொருத்தம். ஃபிலிமில் ஒட்டியதை உலோகச் சுரண்டியால் தொடவே தொடாதீர்கள். பல மெஷின்களில் தொட்டி சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது: திரை முழுவதும் ஒளி விட்டு ஒரு மெல்லிய தகடாக இறுக்கிவிடும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் குப்பையெல்லாம் அதோடு வந்துவிடும். அப்படி உரித்து எடுப்பதில் ஓர் அலாதியான திருப்தி உண்டு. திரை மேல் ஒரு பாதுகாப்புத் தாள் ஒட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கருப்பு வெள்ளைத் திரையே ஏறக்குறைய 2000 மணி நேரத்தில் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள்தான், அதை ரெசினுக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்த இரண்டு டப்பா. முதலாவது அழுக்கு, இரண்டாவது சுத்தம். முதலாவதில் ஒரு நிமிடமோ இரண்டோ ஆட்டி, மெல்லிய பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, இரண்டாவதில் முக்கி எடுத்தால் போதும். அரை மணி நேரம் ஊற வைத்தால் சுத்தம் அதிகமாகிவிடாது. ரெசின் ஆல்கஹாலை உறிஞ்சி மிருதுவாகி, மெல்லிய பகுதிகள் வளையும், வெடிக்கும். பிறகு காற்று ஊதி முழுதாகக் காய விட வேண்டும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கழுவப்பட்ட இடம் மங்கலாக, சுண்ணாம்பு தடவிய மாதிரி இருக்கும். கண் குழி, மீசையின் அடி, விரல் இடுக்கு என்று எங்காவது ஈரமாகப் பளபளத்தால் அங்கே ரெசின் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே இறுக்கிவிட்டால் செதுக்கிய நுணுக்கமெல்லாம் அந்தப் பளபளப்புக்கு அடியில் நிரந்தரமாகப் புதைந்துவிடும். "என் மெஷினில் டீடெய்ல் மங்கலாக வருகிறது" என்று படம் காட்டுகிறவர்களில் பலருக்கு மெஷினில் ஒரு குறையும் இல்லை, கழுவல்தான் பாதியில் நிற்கிறது.

சப்போர்ட்டை எடுக்க வேண்டியது கழுவிய பிறகு, இறுக்குவதற்கு முன்னால். கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சில விநாடி முக்கினால் காம்புகள் இளகி எளிதாக வரும். ஈரம் போன பிறகு யூவி விளக்கில் திருப்பித் திருப்பி இரண்டு முதல் ஐந்து நிமிடம். வெயிலும் அதே வேலையைச் செய்யும். அதிகம் இறுக்கினால் மஞ்சளாகும், கண்ணாடி போல் நொறுங்கும். வாள், ஈட்டி, கொம்பு இருக்கிற பொம்மைகளுக்கு நான் சாதாரண ரெசினில் பத்து முதல் இருபது சதவீதம் வளையும் வகை ரெசினைக் கலக்கிறேன். கீழே விழுந்தால் வளைந்து நிமிர்கிறது. கலந்தால் எக்ஸ்போஷர் சோதனையை மறுபடி போட வேண்டும்.

இப்போது, வீட்டில் இதைச் செய்வதென்றால் பேசியே ஆக வேண்டிய விஷயம். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. அதில் உள்ள அக்ரிலேட்டுகள் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. முதல் நாள் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். உடல் ஒருமுறை அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் அப்புறம் ஒரு துளி பட்டாலும் அரிப்பு, தடிப்பு. பொதுவாக அது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், லேடெக்ஸ் இதற்கு உதவாது. நைட்ரைலும் ஆல்கஹாலில் நனைந்தபடியே இருந்தால் நெடுநேரம் தாங்காது, மாற்ற வேண்டும். தோலில் பட்டால் உடனே சோப்பும் தண்ணீரும். ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம். ரெசின் ஊற்றும்போது கண்ணாடி போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கையுறை போட்டிருந்தும் ரெசின் வீடு பரவுவது எப்படி என்றால், அதே கையுறையோடு போனை எடுப்பதால், கதவைத் திறப்பதால், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதால். நான் வைத்திருக்கும் விதி எளிது: வலது கை ரெசின் கை, இடது கை சுத்தமான கை. இடது கை தொட்டியைத் தொடாது, வலது கை வேறெதையும் தொடாது. போன் அடுத்த அறையில்.

மெஷின் படுக்கையறையிலும் சமையலறையிலும் இருக்கக் கூடாது. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் உள்ள தனி மூலை வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைத்து, குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே காற்றை விட்டால் இன்னும் நல்லது. வாசனை வருகிறதா என்பதை வைத்து அபாயத்தை அளக்காதீர்கள், வாசனை குறைந்த ரெசினுக்கும் இதே விதிதான். தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும். ஆனால் இறுகிய பொம்மையை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசிக் கவசம்தான் பொருத்தம், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசியே பறக்காது. ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. தொட்டியில் மிச்சமிருக்கும் ரெசினைப் புது பாட்டிலில் கொட்டாமல், ஒளி புகாத தனி பாட்டிலில் வடிகட்டி வைக்கிறேன். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் எல்லாவற்றையும் பூட்டி வைப்பது நல்லது.

கழிவு எதுவும் சிங்க்கில் போகக் கூடாது. ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தண்ணீரில் கழுவலாம் என்று விற்கிற ரெசினைக் கழுவிய தண்ணீரும் அப்படித்தான். அந்தப் பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. ரெசின் பட்ட காகிதம், கையுறை, சப்போர்ட் துண்டுகளை வெயிலில் பரப்பி முழுதாக இறுகிய பிறகுதான் குப்பையில் போடுகிறேன். கலங்கிய ஆல்கஹாலைத் தெளிவான பாட்டிலில் மூடி வெயிலில் வைத்தால் கரைந்திருக்கும் ரெசின் இறுகி அடியில் படியும். மேலே தெளிந்ததை வடிகட்டி முதல் டப்பாவுக்கு மறுபடி பயன்படுத்தலாம்.

பெயின்ட் தனி உலகம், அதற்குள் போகவில்லை. முழுதாக இறுகாத பரப்பில் பிரைமர் ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிரைமரை மெல்லியதாக, பல தடவையாக அடியுங்கள். 22 மைக்ரானில் பிரிண்ட் போட்டுவிட்டு ஒரே பூச்சில் தடிமனாக அப்பினால் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை நாமே மூடிவிடுகிறோம். ரெசினின் நிறம் சாம்பலாக இருப்பது நல்லது. கண்ணாடி மாதிரி தெளிந்த ரெசினில் குறை இருந்தாலும் கண்ணில் படாது, நிறை இருந்தாலும் படாது. ஃபைல் வாங்கும்போது உரிமத்தைப் படியுங்கள். பெரும்பாலானவை சொந்த உபயோகத்துக்கு மட்டும். பிரிண்ட் போட்டு விற்கத் தனி அனுமதி வேண்டும்.

முதலில் எதைப் பிரிண்ட் செய்வது என்று கேட்டால், ஆசையாக வாங்கி வைத்திருக்கும் பெரிய சிலையைச் சொல்ல மாட்டேன். சப்போர்ட் ஏற்கெனவே வைக்காத ஃபைலாக ஒரு சின்ன மனித உருவம், 32 மி.மீ. போதும். அதையே மூன்றாகப் பிரதி எடுத்து, ஒன்றை நேராகவும், ஒன்றை 30 டிகிரியும், ஒன்றை 60 டிகிரியும் பின்பக்கம் சாய்த்து, மூன்றுக்கும் கையாலேயே சப்போர்ட் வைத்து, ஒரே தட்டில் போடுங்கள். கழுவி, இறுக்கி, பிரைமர் அடித்து வரிசையாக வையுங்கள். முகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் மூன்றின் முதுகையும் திருப்பிப் பாருங்கள்.